எந்தத் துவக்குக்கு எந்த மருந்து

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேல் இரசாயனவியல் படிப்பித்தவன் நான். வெடிமருந்துப் பாடம் வந்தால் எந்த வகுப்பிலும் ஒரே கேள்விதான் முதலில் வரும். "சேர், எது பலமான மருந்து?" துவக்குக்கு மருந்து தெரிவு செய்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. அந்த மருந்து எவ்வளவு வேகமாக எரியும் என்பதுதான் கேள்வி. இன்றைக்கு இதை ஓரிரு தடவை திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லயத்து அடுப்பை நினைத்துப் பாருங்கள். கவ்வாத்து வெட்டிய காய்ந்த மிலாறை வைத்தால் குப்பென்று பிடிக்கும், தேத்தண்ணி கொதிப்பதற்குள் பாதி சாம்பலாகிவிடும். தேயிலையின் அடிக்கட்டையை வைத்தால் மெதுவாகப் பிடித்து நின்று எரியும், பருப்பு வேக அதுதான் சரி. இரண்டும் ஒரே செடியின் விறகு. பருமன்தான் வேகத்தை மாற்றுகிறது. துவக்கு மருந்திலும் குருணையின் பருமன், வடிவம், மேற்பூச்சு எல்லாம் சேர்ந்துதான் எரியும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. கைத்துப்பாக்கியின் குழல் நாலு அங்குலம், ஐந்து அங்குலம். ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் குண்டு வெளியே போய்விடும். அதற்கு மிலாறு வேண்டும். இரண்டடி நீளக் குழல் உள்ள ரைபிளுக்குக் கட்டை வேண்டும்.

இந்த ஆசை எனக்கு எங்கே பிடித்தது என்று சொல்ல வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடரில் மீமுரே பக்கத்தில் வெடியுப்புக் குகை ஒன்று இருக்கிறது. கண்டி இராச்சியம் விழுந்து இரண்டு வருடம் கழித்து, 1817 இல், ஜோன் டேவி என்ற படை வைத்தியர் அங்கே போய்ப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி அவர். குகைச் சுவரைச் சுரண்டி, வௌவால் எச்சம் ஊறிய மண்ணையும் சேர்த்து, அதோடு விறகுச் சாம்பலைக் கலந்து, தண்ணீர் ஊற்றி வடித்துக் காய்ச்சினால் வெடியுப்பு பளிங்காகப் படியும். அதில் சாம்பல் எதற்கு? மண்ணில் இருப்பது பெரும்பாலும் கல்சியம் நைத்திரேற்று. அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், மருந்துக்கு உதவாது. சாம்பலில் உள்ள பொற்றாசியம் வந்து கல்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பாடப்புத்தகம் இல்லாத ஒரு மலைக்கிராமத்தில், அடுப்புச் சாம்பலை வைத்து இந்தத் தாக்கத்தை நடத்தியிருக்கிறார்கள்! வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இப்போதும் அப்படித்தான்.

அந்த வெடியுப்பு முக்கால் பங்கு, மிச்சம் கரியும் கந்தகமும். அதுதான் கறுப்பு மருந்து. எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாக மாறாமல் புகையாகவும் கசடாகவும் நிற்கும். அதனால்தான் பழைய துவக்குகளுக்கு அவ்வளவு மருந்து தேவைப்பட்டது. நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் யானைக்கு வைத்திருந்த துவக்கு 21 இறாத்தல். அதற்கு ஒரு வெடிக்கு 16 டிராம், அதாவது சுமார் 28 கிராம் மருந்து. இன்றைய ரிவோல்வர் தோட்டா ஒன்றுக்கு, வேகமான மருந்து என்றால், கால் கிராம் போதும்.

அந்தக் கால் கிராம் மருந்து 1884 இல் பிரான்ஸில் போல் வியே செய்து காட்டிய புகையில்லா மருந்தின் பரம்பரை. பஞ்சை நைத்திரிக்கமிலத்தில் பக்குவப்படுத்தி எடுப்பது. சில வகைகளில் நைத்திரோகிளிசரினும் சேரும். கிட்டத்தட்ட முழுவதும் வாயுவாகிவிடும். இதன் குணம் ஒன்றைக் கவனியுங்கள்: அமுக்கம் ஏற ஏற இது இன்னும் வேகமாக எரியும். கறுப்பு மருந்துக்குச் செய்த பழைய துவக்கில், அதே அளவு இதைப் போட்டால் குழல் பிளந்துவிடும்.

2014 இல் கனடாவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் குறிபார்த்துச் சுடும் சங்கத்தில் இருக்கிறார். அங்கே சட்டப்படி, சுட்ட வெற்றுக் கோதுகளைத் திரும்ப நிரப்பிப் பாவிப்பார்கள். மேசையில் ஒரே ஒரு மருந்துப் போத்தல்தான் இருக்கும், மற்றதெல்லாம் அலுமாரியில். பலகையில் ஐம்பது கோதுகள். ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில் பளபளக்கும் மெல்லிய தகடுகள். அந்தப் பளபளப்பு பென்சில் கரியான காரீயத்தின் பூச்சு, நிலைமின்னைத் தடுக்கும். "தம்பி, டோர்ச்சைப் பிடி" என்றார். வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தோம். மூன்றாவது வரிசையில் ஒரு கோதில் மட்டும் மருந்து உயர்ந்து நின்றது. இரண்டு தடவை விழுந்திருக்கிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. ஐம்பதையும் போத்தலில் கொட்டிவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தார்.

ஏன் அப்படி விழ இடம் இருந்தது? அத்தான் நிரப்பியது .38 ஸ்பெஷல் என்ற ரிவோல்வர் தோட்டா. அதன் கோது கறுப்பு மருந்துக் காலத்து உயரம். வேகமான இக்கால மருந்து அதன் அடியில் கொஞ்சம்தான் நிற்கும். இரட்டிப்பாகப் போட்டாலும் வழியாது. அமுக்கமோ இரண்டு மடங்கோடு நிற்காது. அதற்குப் பிறகு அத்தான் மருந்தையே மாற்றினார், புல்ஸ்ஐ என்பதில் இருந்து யூனிக் என்பதற்கு. 1898 முதல் இருக்கும் புல்ஸ்ஐ நல்ல மருந்துதான், ஆனால் கோதில் கொஞ்ச இடம்தான் பிடிக்கும். 1900 இல் வந்த யூனிக் பொங்கிய தகடு, அதைவிட மெதுவாக எரியும், கோதில் கூடுதல் இடம் பிடிக்கும். தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடும். வேகம் பொருந்த வேண்டும், அப்புறம் சரியான அளவே கோதில் நன்றாக இடம் பிடிக்கிற மருந்தாக இருக்க வேண்டும். மருந்து தெரிவில் நான் கண்ட மிக அழகான நியாயம் இது.

தயாரிப்பாளர் தம்பி மூன்று விரல் காட்டுகிறார். கூடிய அமுக்கத்தில் சுடும் மேக்னம் தோட்டாக்களைப் பற்றி நிறையச் சொல்ல வந்தேன், சுருக்கிவிடுகிறேன். அவற்றுக்கு மெதுவான மருந்து. எச்110 போன்றவற்றை, பாதுகாப்பு என்று நினைத்து, அளவில் குறைத்துப் போடக் கூடாது. தயாரித்தவர்களே அதைச் சொல்கிறார்கள். அளவு எப்போதும் அந்த மருந்துக்காரரின் அட்டவணையில் உள்ளதுதான். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அல்ல.

நம் நாட்டில் இது 1916 இன் சுடுகலன் கட்டளைச்சட்டத்துக்கும் 1956 இன் வெடிபொருள் சட்டத்துக்கும் உட்பட்டது, வீட்டில் செய்கிற வேலை அல்ல. மரக்கறித் தோட்டத்துக்குப் பன்றி வருகிறது என்று, கயிறு தட்டினால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்குக்கு மருந்து கலக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் விறகுக்குப் போன இடத்தில் கட்டுத்துவக்கில் கால் இழந்தான்.

கடைசியாக, மருந்து பழுதானால் புளித்த அமில மணம் வரும், போத்தலுக்குள் செம்பழுப்புத் தூள் தெரியும். அத்தான் மூடியைத் திறந்ததும் முதலில் மோந்துதான் பார்ப்பார். வணக்கம்.