தாளம் போடும் வயலின்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கியூபாவில் தன்சோன் என்றொரு நடனம் உண்டு. இசை தொடங்கியதும் யாரும் ஆடிவிட மாட்டார்கள். ஜோடி ஜோடியாக நின்று வாத்தியக்காரர்களைப் பார்ப்பார்கள், பேசிக்கொள்வார்கள், பெண்கள் விசிறியை விரித்து வீசிக்கொள்வார்கள். முகப்புப் பகுதி முடிந்த பிறகுதான் கால் அசையும். அந்த முகப்பு இடையிடையே திரும்பி வரும். வரும்போதெல்லாம் மறுபடி ஓய்வு. வெக்கை மிகுந்த தீவில், ஆடுகிறவர்களின் மூச்சறிந்து கட்டிய இசை என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது. 1879 புத்தாண்டு நாளில் மத்தான்சாஸ் நகரில் மிகேல் ஃபாயில்தே இதை அரங்கேற்றினார்.

அந்த மரபில் வந்த குழுதான் ஓர்கெஸ்தா அராகோன். 1939-இல், தென்கரையிலுள்ள சியென்ஃபுவேகோஸ் நகரில், டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை வாசித்துவந்த ஓரெஸ்தெஸ் அராகோன் இதைத் தொடங்கினார். வருமானத்தை எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது என்று வைத்திருந்தார்கள். எனக்கு அந்தக் குழுவின் மேல் மதிப்பு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

புல்லாங்குழல், வயலின்கள், பியானோ, டபுள் பாஸ். இவற்றோடு டிம்பாலெஸ் என்ற இரட்டை முரசு, கொங்கா முரசு, காய்ந்த சுரைக்குடுக்கையில் வரிவரியாக வெட்டிக் குச்சியால் உரசும் குயிரோ. இப்படி அமைந்த குழுவைச் சரங்கா என்பார்கள்.

இதில் என்னைக் கட்டிப்போடுவது வயலின்கள்தான். ஐரோப்பியக் கச்சேரி அரங்கில் வில்லை நீள இழுத்து உருக வைக்கும் அதே வாத்தியம், இங்கே ஒரு சின்னஞ்சிறு சுரக்கோவையை எடுத்துக்கொள்கிறது. அதையே திரும்பத் திரும்ப, கொங்காவின் அடிகளுக்கு நடுவே விழும்படி, நறுக்கி நறுக்கி வாசிக்கிறது. தோலில் இருந்த தாளம் தந்திக்கு ஏறிவிடுகிறது! அதன் மேலே புல்லாங்குழல் தன் போக்கில் பறக்கலாம். கீழே நடை குலையாது.

என்ரிக்கே ஹொர்ரின் என்ற வயலின் கலைஞர் ஆடுகளத்தையே கவனித்துக்கொண்டிருந்தவர். அடி தள்ளி விழும் தாளங்களில் பலரும் தடுமாறுவதைக் கண்டு, மெட்டைக் காலுக்கு எளிதாக்கினார். தரையில் செருப்புகள் உரசிய ஓசையே அதற்குப் பெயரானது: சாச்சாச்சா. 1950-களில் அந்த இசையை உலகெங்கும் பரப்பியவர்களில் அராகோன் குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போது அதை நடத்தியவர் வயலின் கலைஞர் ரஃபாயேல் லாய். புல்லாங்குழல் ரிச்சர்ட் எகுவெஸ். 1982-இல் லாய் மறைந்தபின், அதே பெயர் கொண்ட மகன், அவரும் வயலின் வாசிப்பவர், பொறுப்பேற்றார்.

எகுவெஸ் இயற்றிய ஒரு பாடலை இப்போது ஒலிபரப்பப் போகிறார்கள். 'மளிகைக்கடைக்காரர்' என்று பொருள்படும் 'எல் போதெகேரோ'. அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் ஸ்பானிய மொழியிலேயே இதைப் பாடியிருக்கிறார். முதலில் குழல்தான் உங்களை இழுக்கும். அதை விட்டுவிட்டு, அடியில் ஓடும் வயலின்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்.