சேவலும் இரட்டைப் புறாவும்
(தேனியில் நடந்த வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

'தேர்தல் நேரத்தில் கட்சிகள் ஏன் உடைகின்றன' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தேனியில் நின்றுகொண்டு இதற்கு வெளியூரில் உதாரணம் தேட வேண்டியதில்லை. இங்கிருந்து கிழக்கே போனால் ஆண்டிப்பட்டி, மேற்கே போனால் போடிநாயக்கனூர். 1989 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வின் ஓர் அணிக்குத் தலைமை தாங்கிய, எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மையார் ஆண்டிப்பட்டியில் நின்றார். இன்னோர் அணிக்குத் தலைமை தாங்கிய ஜெயலலிதா போடியில் நின்றார். அன்று இந்த ஊர்களெல்லாம் மதுரை மாவட்டம். ஒரே தலைவரின் படத்தை மாட்டிக்கொண்டு இரண்டு ஜீப்புகள் ஒரே சாலையில் எதிரெதிரே வந்ததைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

என் அப்பா ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் கிளைச் செயலாளர். 1972 அக்டோபரில் கட்சி தொடங்கியபோதே சேர்ந்தவர். அடுத்த ஆண்டு மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று வென்றாரே, அந்தத் தேர்தலுக்குச் சைக்கிளிலேயே போய் வேலை செய்தவர். 1984-இல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, ஆண்டிப்பட்டிதான் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. வேட்பாளர் தொகுதிக்குள் காலெடுத்து வைக்கவில்லை. எங்கள் ஊரில் அப்பாவைப் போன்றவர்கள்தான் வேட்பாளராக நின்றார்கள் என்று சொன்னால் அது மிகையில்லை.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று மறைந்தார். தனக்குப் பின் யார் என்று அவர் சொல்லிவிட்டுப் போகவில்லை. இடைக்கால முதல்வராக நெடுஞ்செழியன் இருந்தார். இரண்டே வாரத்தில், 1988 ஜனவரி 7 அன்று, ஆர்.எம். வீரப்பன் முதலானோரின் ஆதரவோடு ஜானகி அம்மையார் முதல்வரானார். கொள்கை பரப்புச் செயலாளராக இருந்த ஜெயலலிதாவின் பக்கம் ஒரு பகுதி எம்.எல்.ஏ.க்கள் போனார்கள். ஆளாளுக்கு எம்.எல்.ஏ.க்களைக் கூட்டிக்கொண்டுபோய் ஓட்டல்களில் வைத்தார்கள். ஜனவரி 28 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. பேரவைக்குள் அடிதடி நடந்தது, போலீஸ் நுழைந்தது, தடியடி நடந்தது. தீர்மானம் நிறைவேறியதாக அறிவித்தார்கள். இரண்டு நாளில் ஆட்சி கலைக்கப்பட்டது.

இங்கேதான் உங்களை ஒரு நிமிடம் நிற்கச் சொல்கிறேன். அந்தக் கட்சிக்கு ஒரு சட்டவிதி இருந்தது. எம்.ஜி.ஆர். காலத்திலேயே எழுதிய விதி. கட்சியின் பொதுச் செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அந்த விதி. இந்திய அரசியல் கட்சிகளில் இவ்வளவு துணிச்சலான விதியைப் பார்ப்பது அரிது. ஆனால் கட்சி யாருடையது என்ற கேள்வி எழுந்தபோது, அந்த விதியை யாரும் எடுத்துப் புரட்டவில்லை. எந்த அணியில் எத்தனை எம்.எல்.ஏ. என்று மட்டுமே எண்ணினார்கள். எங்கள் கிளையில் எழுபது பேருக்கு மேல் உறுப்பினர் அட்டை வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் யாரும் வந்து கேட்கவில்லை. இதை நான் மனம் பொறுக்காமல்தான் சொல்கிறேன்.

சண்டை தேர்தல் ஆணையத்துக்குப் போனது. 1968-ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணைப்படி, ஒரு கட்சி உடைந்தால் எந்த அணி உண்மையான கட்சி என்று ஆணையம் முடிவு செய்யலாம். 1969-இல் காங்கிரஸ் உடைந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி, பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று பார்ப்பது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களில் எத்தனை பேர், கட்சியின் மேல்மட்டக் குழுக்களில் எத்தனை பேர் என்று எண்ணுவார்கள். கிளைச் செயலாளரின் கையெழுத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஆணையத்தைக் குறை சொல்ல மாட்டேன். யார் உறுப்பினர் என்பதிலேயே இரண்டு தரப்பும் சண்டை போடும்போது, நம்பத்தகுந்த உறுப்பினர் பட்டியலுக்கு எங்கே போவது? அந்தப் பட்டியலை ஒழுங்காக வைத்திருக்க வேண்டியது கட்சியின் வேலை. கடைசியில் இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல் கிடைத்தது, ஜானகி அணிக்கு இரட்டைப் புறா.

அப்பா ஜானகி அம்மையார் பக்கம் நின்றார். தலைவரின் மனைவியை விட்டு எப்படிப் போவது என்பது அவருடைய ஒரே வாதம். என் அத்தை மாமா, அப்பாவின் சொந்தத் தங்கை கணவர், சேவல் பக்கம் போனார். இருவருக்கும் பகை ஒன்றும் கிடையாது. ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் இறைத்தவர்கள்.

எங்கள் வீட்டுத் தெருப்பக்கச் சுவரில் 1984-இல் வரைந்த இரட்டை இலை இருந்தது. ஆள் வைத்து, எண்ணெய் வண்ணத்தில், ஆள் உயரத்துக்கு வரைந்தது. 1989 ஜனவரி 21 வாக்குப்பதிவு. பொங்கல் முடிந்து ஒரு வாரம்கூட இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற சாக்கில் அந்த இலையை அழித்துவிடலாம் என்று அப்பா சுண்ணாம்பைக் கரைத்து வைத்தார். எனக்குப் பன்னிரண்டு வயது, வாளி பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒரு பூச்சுப் பூசினார், காய்ந்ததும் பச்சை தெரிந்தது. இரண்டாவது பூச்சு, மூன்றாவது பூச்சு. எண்ணெய் வண்ணத்தின்மேல் சுண்ணாம்பு பிடிக்குமா? காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. மட்டையைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று சாயங்காலம்வரை அவர் யாரோடும் பேசவில்லை. மறுநாள் அந்த அரைகுறைப் பச்சையின் மேலேயே நீல வண்ணத்தில் இரண்டு புறா வரைந்தார். எதிர்ச்சுவரில் மாமா சேவல் வரைந்துகொண்டிருந்தார்.

வாக்குப்பதிவு நாளில் பள்ளிக்கூடத்து அறையில் ஒரே பெஞ்சில் அப்பாவும் மாமாவும் பூத் ஏஜெண்டுகளாக உட்கார்ந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு இருவருக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. என் அப்பத்தா ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, சீட்டு முழுக்கத் தேடியும் இலையைக் காணவில்லை என்று சொன்னாள். பிறகு எதில் குத்தினாய் என்று கேட்டோம். மகனும் மருமகனும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எதைச் சொல்வாள்? கடைசிவரை சொல்லவில்லை.

முடிவு உங்களுக்குத் தெரியும். ஆண்டிப்பட்டியில் தி.மு.க. வேட்பாளர் ஆசையன் வென்றார். ஜானகி அம்மையார் தோற்றார். இரண்டு அணியின் ஓட்டுகளையும் சேர்த்தால் வென்றவரின் ஓட்டைத் தாண்டும். போடியில் ஜெயலலிதா வென்றார். மாநிலம் முழுவதும் சேவலுக்கு 27 இடம், ஓட்டில் 21 சதவீதம். இரட்டைப் புறாவுக்கு ஓட்டில் 9 சதவீதம், இடமோ இரண்டே இரண்டு. ஜானகி அணியோடு கூட்டுச் சேர்ந்த சிவாஜி கணேசனும் திருவையாறில் தோற்றார். காங்கிரஸ் தனியாக நின்று 20 சதவீதத்தைத் தொட்டது. ஏறத்தாழ 33 சதவீத ஓட்டில் தி.மு.க. 13 ஆண்டுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தது. தி.மு.க.வின் உழைப்பை இதனால் குறைத்துச் சொல்லவில்லை. அத்தனை ஆண்டு வெளியே இருந்தும் தொண்டர்களைச் சிதறவிடாமல் வைத்திருந்தது பெரிய காரியம்.

ஜானகி அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தோற்றவுடன் அவர் அரசியலை விட்டே விலகினார். பிப்ரவரியில் இரண்டு அணிகளும் இணைந்தன, இலை திரும்பி வந்தது. மார்ச் 11 அன்று மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் தள்ளிவைக்கப்பட்டிருந்த தேர்தல்கள் நடந்தன. இரண்டிலும் இரட்டை இலை வென்றது. அதே நவம்பரில் மக்களவைத் தேர்தல், தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38 அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணிக்கு. ஜனவரியில் ஓட்டுப் போட்ட அதே மக்கள்தான் நவம்பரிலும் போட்டார்கள். பதவியில் இருந்தவர் ஒதுங்கிக்கொண்டதால் ஒரு கட்சி பிழைத்தது. அந்தப் பெருந்தன்மைக்கு நம் வரலாற்றில் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

உடைகிற அணியெல்லாம் தோற்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1996-இல் காங்கிரஸ் மேலிடம் டில்லியில் உட்கார்ந்துகொண்டு அ.தி.மு.க.வோடு கூட்டணி என்று முடிவெடுத்தது. இங்குள்ள தொண்டர்கள் கொதித்துப்போனார்கள். இங்குள்ள காங்கிரஸ் தலைவர் மூப்பனார் வெளியேறித் தமிழ் மாநிலக் காங்கிரஸைத் தொடங்கினார். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. சைக்கிள் சின்னம், தி.மு.க.வோடு கூட்டணி, சட்டமன்றத்தில் 39 இடம். தாய்க்கட்சிக்குத் தமிழ்நாட்டில் ஓர் இடமும் இல்லை. தொண்டர் எந்தப் பக்கம் என்று மூப்பனாருக்குத் தெரிந்திருந்தது, டில்லிக்குத் தெரியவில்லை.

பிறகு 2017. ஜெயலலிதா மறைந்தபின் அ.தி.மு.க. மறுபடியும் உடைந்தது. எம்.எல்.ஏ.க்களை வைத்திருந்த கூவத்தூர் விடுதி, பிப்ரவரி 18 அன்று பேரவையில் அமளி, இலை முடக்கம், ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் ஓர் அணிக்குத் தொப்பிச் சின்னம், ஓர் அணிக்கு மின்கம்பம். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து போய்விட்டார். 1988-இல் எதை எண்ணினார்களோ அதையேதான் மறுபடியும் எண்ணினார்கள்.

வேட்பாளர் பட்டியல் வந்த அன்று நாற்காலிகள் உடைவதைப் பார்த்து, சீட்டு ஆசை, பண ஆசை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆசை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வருடம் கட்சிக்குள் எதற்கும் கை தூக்கச் சொல்லிக் கேட்காதவர்கள், பட்டியல் நாளில் மட்டும் எல்லோரும் அமைதியாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். கேட்டிருந்தால் தோற்றவன்கூடப் பேசாமல் இருப்பான், தோற்றது தன் ஊர்க்காரர்களிடம் என்று அவனுக்குத் தெரியும். கேட்காதபோது, தேர்தல் ஒன்றுதான் அவனுக்குக் கிடைக்கிற சந்தர்ப்பம். உள்ளடி வேலை அங்கேதான் பிறக்கிறது.

அப்பா நான்கு வருடத்துக்கு முன் காலமானார். அவருடைய உறுப்பினர் அட்டை எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், ரேஷன் கார்டுகளுக்கு அடியில் இருந்தது. இன்று கொண்டுவந்திருக்கிறேன். நாற்பது வருடத்துக்கு மேல் அந்தக் கட்சியில் இருந்தார். கட்சிக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்காக அந்த அட்டையைக் காட்டி அவர் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. கூட்டம் முடிந்ததும் பார்க்க விரும்புகிறவர்கள் மேடைக்கு வாருங்கள். மடிப்பு கிழியும் நிலையில் இருக்கிறது, பார்த்துப் பிடியுங்கள்.

நன்றி, வணக்கம்.