அம்மா அப்பாவோட செவன் சிஸ்டர்ஸ் போகலாமா? எங்க தங்கறது, எவ்ளோ நடக்கறது

சரி அடுத்த கேள்வி பாத்துடலாம். இங்கிலாந்து ரீடிங் ஊர்ல இருந்து ஒரு சிஸ்டர் கேட்டிருக்காங்க, ஜூலைல ஊர்ல இருந்து அம்மா அப்பா வராங்களாம், மூணு நாள் லீவு, கார் கிடையாது, செவன் சிஸ்டர்ஸ் (இங்கிலாந்து தெற்கு கடலோரத்துல வரிசையா நிக்கற வெள்ளை சுண்ணாம்பு மலைமுகடுங்க) பக்கம் போகணும், "சீஃபோர்ட்ல இருந்து ஈஸ்ட்போர்ன் வரைக்கும் முழுசா நடக்கலாமா, அப்பாவுக்கு முட்டி வலி இருக்கு, எங்க ரூம் போடறது"ன்னு.

முழுசா வேணாம்ங்க. அது 20 கிலோமீட்டருக்கு மேல வரும், தூரம் கூட பரவால்ல, அது சமதரை கிடையாது, ஒரு மேடு ஏறி முடிச்சா உடனே இறக்கம், அடுத்தது திரும்ப ஏத்தம், இப்படியே போய்ட்டே இருக்கும், முட்டி வலி இருக்கறவங்களுக்கு ஏர்றத விட இறங்கறதுதான் உயிர் போகும். அந்த இடத்தோட அழகு எல்லாத்தையும் நடந்து முடிக்கறதுல இல்ல, கொஞ்சம் நடந்து ரொம்ப நேரம் உக்காந்து பாக்கறதுலதான் இருக்கு, அதுவும் பெரியவங்களோட போகும்போது இத நான் அடிச்சு சொல்வேன்.

ரூம் ஈஸ்ட்போர்ன்ல போடுங்க, மூணு நாளும் ஒரே ரூம், பெட்டிய தூக்கிட்டு ஊர் ஊரா அலைய வேணாம். ரீடிங்ல இருந்து கேட்விக் ஏர்போர்ட்டுக்கு நேரா ட்ரெயின் இருக்கு, அங்க மாறினா ஈஸ்ட்போர்ன், லண்டனுக்குள்ள போகவே தேவையில்ல. முத நாள் போய் இறங்கினதும் எதுவும் பிளான் பண்ணாதீங்க, கடலோரமா நீளமா நடைபாதை இருக்கு, ஏத்தம் இறக்கம் இல்லாம மைல் கணக்குல போகும், வழியெல்லாம் பெஞ்ச், கடலுக்குள்ள நீளற பாலம் மாதிரி 1870ல திறந்த பியர் இருக்கு, அப்பா அவர் பாட்டுக்கு நடப்பாரு. ஜூலைல ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால டின்னர் முடிச்சிட்டு கூட போலாம். ஆனா ஒண்ணு, அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, மெரினா மாதிரி செருப்ப கழட்டிட்டு மணல்ல நடக்கற பீச் இல்ல, எல்லாம் கூழாங்கல்லு, வெறுங்கால்ல குத்தும்.

ரெண்டாவது நாள்தான் மெயின். 12ஆம் நம்பர் பஸ் பிடிச்சு எக்சீட்ல இறங்குங்க. அங்க கக்மியர் ஆத்தோட பழைய வளைவுங்க பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு கிடக்கும், பக்கத்துலயே கடல் வரைக்கும் சமமான பாதை, ஒரு ரெண்டு கிலோமீட்டர்ல பீச் வந்துடும், இடது பக்கம் திரும்பினா வெள்ளை சுவர் எழும்பி நிக்கும் பாருங்க, அது சுண்ணாம்புப் பாறை, கிட்டக்க பாத்தா நடுநடுவுல கறுப்பா கோடு கோடா ஃபிளிண்ட் கல்லு பதிஞ்சிருக்கும். முடியறவங்க முத மேடான ஹேவன் ப்ரோ மட்டும் ஏறிட்டு வாங்க, அப்பா கீழயே உக்காரட்டும். அப்புறம் எல்லாரும் போட்டோல பாக்கற அந்த குடிசை வீடுங்களும் பின்னாடி மலையும் வர்ற வியூ, அது ஆத்துக்கு அந்தப் பக்கம், கடலோரத்துல பாலம் கிடையாது, திரும்ப எக்சீட் வந்துதான் சுத்திப் போகணும், இது தெரியாம நிறைய பேர் அங்க போய் முழிப்பாங்க.

மூணாவது நாள் பர்லிங் கேப்ங்கற கடலோர இடம், அப்புறம் பெல் டூட் லைட்ஹவுஸ். அந்த லைட்ஹவுஸ் 1832ல கட்டினது, கடல் அரிச்சு அரிச்சு விளிம்பு கிட்ட வந்துட்டதால 1999ல மொத்த கட்டடத்தையும் அப்படியே 17 மீட்டர் உள்ள நகர்த்தி வச்சிருக்காங்க. யோசிச்சு பாருங்க.

இதுலருந்தே புரியும் நான் ஏன் விளிம்புக்கு போகாதீங்கன்னு கத்தறேன்னு. மேல நிக்கும்போது புல்லு உறுதியா இருக்கற மாதிரிதான் தெரியும், அடியில பாறை எவ்ளோ அரிச்சிருக்குன்னு உங்களுக்கு தெரியாது, பீச்சி ஹெட்ங்கற பாறை முனை கிட்ட 162 மீட்டர் உயரம், வேலியும் எல்லா இடத்துலயும் கிடையாது. செல்ஃபி எடுக்கறேன்னு நாலு பேர் அங்க நிப்பாங்க, நீங்க நிக்காதீங்க, குழந்தை கூட வந்தா கைய விடாதீங்க. கீழ பீச்லயும் பாறை நிழல்ல ஒட்டி உக்காராதீங்க, கல்லு எப்ப வேணா விழும். பாறை அடியில நடந்தே அடுத்த பீச்சுக்கு போயிடலாம்னு கிளம்பாதீங்க, தண்ணி ஏறுச்சுன்னா ரெண்டு பக்கமும் வழி அடைஞ்சுடும், டைட் டைம், அதாவது கடல் தண்ணி ஏர்ற இறங்கற நேரம், பாக்காம இறங்கவே கூடாது. ஏதாவது ஆச்சுன்னா 999 அடிச்சு கோஸ்ட்கார்ட்னு கேளுங்க.

வெயில் அடிச்சாலும் மேல காத்து பிச்சிக்கிட்டு போகும், அம்மா புடவை கட்டுவாங்கன்னா மேல ஒரு ஜாக்கெட், கால்ல செருப்பு இல்லாம ஷூ, மழை பெஞ்ச அன்னிக்கு அந்த சுண்ணாம்பு பாதை வழவழன்னு வழுக்கும். புளிசாதம் கட்டிட்டு போங்க, ஃபிளாஸ்க்ல காபி, டப்பாவ திறந்து வச்சிட்டு திரும்பி பாக்காதீங்க, கடல்காகம் வந்து கொத்திட்டு போயிடும். திரும்பி வர்ற கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு காலைலயே பாத்து வச்சுக்கோங்க, சண்டேன்னா டைம் மாறும். சரி, அடுத்த கேள்வி.