பதில் வரும் கூட்டம்

நேயர்களுக்கு வணக்கம். நவீன ஆட்சியில் மக்கள் பங்கேற்பு பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. டெல்லி, சென்னை என்று போகாமல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழிக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் நின்றே பேசுகிறேன்.

பங்கேற்பு என்றாலே கிராமசபை என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் கிராமசபை உறுப்பினர். ஆனால் நம் மாவட்டத்தில் ஊராட்சிகள் நூற்றுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் பேரூராட்சிகள், நகராட்சிகள், நாகர்கோவில் மாநகராட்சி. 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறவாசிகள் என்று வந்தது. வாழைத்தோட்டமும் ரப்பர் தோட்டமும் சூழ வீடு இருக்கும். காகிதத்தில் அது நகரம். அந்த வீட்டுக்காரருக்குக் கிராமசபை கிடையாது.

நகரத்தாருக்கு வார்டு கமிட்டியும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் வாக்காளர்கள் கூடும் ஏரியா சபையும் உண்டு. 2022 நவம்பர் 1-ஆம் தேதி ஏரியா சபைக் கூட்டங்கள் தொடங்கின. நவம்பர் 1 நமக்குப் புதிய தேதியா என்ன? 1956-இல் அதே நாளில்தானே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தன. அதற்காக மார்ஷல் நேசமணி தலைமையில் மக்கள் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. எந்த அரசின் கீழ் இருப்பது என்பதையே பேசித் தீர்மானித்த ஊர் இது. உங்கள் தெருவின் ஏரியா சபை எங்கே கூடுகிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டுப்பாருங்கள். பத்தில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் எனக்கு ஆச்சரியம்தான்.

சரி, கூட்டம் கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மேற்கே ஒரு கிராமசபையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வந்தவர்கள் எண்ணிக்கைக்கு விதி உண்டு. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், பத்தாயிரத்துக்கு மேல் போனால் 300 பேர். எண்ணிக்கை சேர வேண்டும் என்பதால் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே பந்தலுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். கையெழுத்துப் போடும் நோட்டு கைக்குக் கை மாறியது. "ஒப்பு போட்டாச்சுல்லா, போட்டா?" என்று, அதாவது கையெழுத்துப் போட்டாயிற்று, போகலாமா என்று எழுந்தவர்களே அதிகம். தீர்மானம் வாசிக்கும் முன்பே கையெழுத்து முடிந்துவிட்டது. அப்போது வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பாட்டி, செயலரைப் பார்த்துக் கேட்டார்: "போன கூட்டத்துல எழுதுன லைட்டு என்ன ஆச்சு மக்களே?" செயலர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். தீர்மானம் இருந்தது, எண் இருந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுதவே அந்த நோட்டில் இடமில்லை. எழுந்து போனவர்களில் சிலர் திரும்பி வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

அன்றைக்கு நடந்த ஒரே உரையாடல் அதுதான் என்பேன். மற்றதெல்லாம் அறிவிப்பு.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறோமே, அதையும் பாருங்கள். ரசீது கிடைக்கும், எண் கிடைக்கும், சில வாரத்தில் "உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரு தாள் வரும். அந்தத் தாள் ஒருவர் வீட்டுக்கு மட்டும் வருகிறது. அதே குழாய், அதே சாலை பற்றி மனு கொடுத்த அடுத்த தெருக்காரருக்கு அது தெரியாது.

விவசாயிகள் குறைதீர் கூட்டம் வேறு மாதிரி. நீர்வளத்துறைப் பொறியாளரும் வேளாண்மை அதிகாரிகளும் விவசாயிகளும் ஒரே அறையில் இருப்பார்கள். போன மாதத்து மனுக்களுக்கு என்ன பதில் என்று எல்லார் காதிலும் விழச் சொல்லுவார்கள். கன்னிப்பூ நெல் சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணையும் பெருஞ்சாணி அணையும் திறந்து வாரக்கணக்காகியும் சானலின் கடைசியில் உள்ள கடைவரம்பு வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று ஒருவர் எழுவார். ஷட்டரைத் திறந்தாயிற்று என்பார் பொறியாளர். சானலின் தலைமாட்டில் வயல் வைத்திருப்பவரும் அதே அறையில்தான் இருப்பார். நடுவில் எங்கே அடைத்திருக்கிறது, யார் மடையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்பது மூன்று பேரும் எதிரெதிரே இருந்தால்தான் வெளியே வரும். ஃபைலில் வராது. சில நேரம் சத்தம் கூடும். கூடட்டுமே. வரி கூடிப்போனபோது நாட்டுக்கூட்டம் போட்டுத் திருவிதாங்கூர் மன்னரையே எதிர்த்துப் பேசிய நாஞ்சில் நாட்டார் அல்லவா?

கேட்க ஆளில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2017-இல் பார்த்தோம். நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தது. ஆழ்கடலுக்குப் போனவர்கள் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருப்பார்கள் என்பது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்களுக்குத் தெரியும். தேடப்போகும் கப்பலில் எங்கள் ஆட்களையும் ஏற்றுங்கள் என்றார்கள். அதைச் சொல்லக் கரையில் ஒரு மேசை, ஒரு அதிகாரி இருந்திருந்தால் போதும். டிசம்பர் 7-ஆம் தேதி அவர்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் போய் உட்கார வேண்டியதாயிற்று. ரயிலை மறித்தார்கள் என்று பேசியவர்கள், வேறு எந்தக் கதவு அவர்களுக்குத் திறந்திருந்தது என்று கேட்கவில்லை.

தலைமை பற்றியும் சொல்லச் சொன்னார்கள். 2025 ஜனவரியில் நம் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அதிகாரி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வேலை நடக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வழிமறித்து, "ஏன் நடக்கல?" என்று கேட்க அவர் நம் ஊர்க்காரர் இல்லை. நல்ல தலைவர் எல்லாவற்றையும் முடித்துக் காட்டுபவர் என்று நான் சொல்லமாட்டேன். நிதி வராவிட்டால் யாரால் முடியும்? "இது முடியாது, காரணம் இது" என்று அதே பந்தலுக்கு வந்து சொல்லும் துணிச்சல் இருக்கிறதே, அது போதும் எனக்கு.

நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். அன்றைக்குக் கிராமசபை உண்டு. நகரத்தில் ஏரியா சபை எங்கே, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேளுங்கள். போனதும் ஒப்பு போடுவதற்கு முன்னால் போன கூட்டத்து நோட்டை வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் நிரலில் அது இல்லை என்றால், முதல் பொருளாக எழுதச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.