முதலில் சீனியர்களைக் கூப்பிடுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஏஐ காலத்துக்கு ஊழியர்களை எப்படித் தயார் செய்வது என்று பேசச் சொன்னார்கள். நிர்வாகிகள் இதைப் பற்றிப் பேசினாலே, "எந்தக் கோர்ஸ் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கோர்ஸை அப்புறம் பார்ப்போம்.

எரிக் பிரின்யோல்ஃப்சனும் இன்னும் இரண்டு பொருளாதார அறிஞர்களும் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. 5,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள், பெரும்பாலோர் பிலிப்பைன்ஸில். வாடிக்கையாளரோடு சாட்டில் பேசும்போதே என்ன பதில் சொல்லலாம் என்று ஏஐ எடுத்துக்கொடுக்கும். ஏற்பதும் விடுவதும் ஊழியர் இஷ்டம். ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைக்கும் பிரச்சினைகள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களிடம் 34 சதவீதம். சேர்ந்து 2 மாதமே ஆனவர், ஏஐ இல்லாமல் 6 மாதம் வேலை பார்த்தவருக்குச் சமமாகச் செய்தார்.

தேர்ந்த சீனியர்களுக்கோ பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. வேகம் கொஞ்சம் கூடியது, தரம் கொஞ்சம் இறங்கியது. காரணம் எளிது. நன்றாக வேலை செய்கிறவர்களின் உரையாடல்களைக் காட்டித்தான் அந்த ஏஐயைப் பழக்கியிருந்தார்கள். கோபத்தோடு வருகிறவரை எப்படித் தணிப்பது, எதை முதலில் கேட்டால் கோளாறு பிடிபடும் என்ற அவர்கள் கைப்பக்குவம், நேற்று சேர்ந்தவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு சங்கதியும் உண்டு. இடையில் அந்த ஏஐ வேலை செய்யாமல் நின்ற நேரங்களிலும், அதோடு பழகியவர்கள் முன்பைவிட நன்றாகவே செய்தார்கள். வேலையின் நடுவே கிடைத்த பாடம் மனதில் தங்கிவிட்டது. எந்த வீடியோ கோர்ஸும் இதைச் செய்யுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆகவே எல்லோரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து ஒரே பாடம் நடத்தாதீர்கள். புதியவருக்குத் தேவை, எடுத்துக்கொடுத்த பதில் ஏன் சரி என்று கேட்டுப் பழகுவது. சீனியருக்குத் தேவை வேறு. ஏஐ எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பு அவருடையது.

அனுபவம் மட்டும் இருந்தால் போதுமா என்றால், போதாது. 2023-இல் நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்தின் மீதான ஒரு வழக்கில், 30 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினார். அவற்றில் பல நடந்த வழக்குகளே அல்ல. உண்மைதானா என்று அதனிடமே கேட்டும் பார்த்தார், உண்மைதான் என்றது! அபராதம் 5,000 டாலர். சட்டம் தெரியாதவரில்லை அவர். கையில் இருப்பது தேடுபொறி இல்லை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. பயிற்சியில் இதை ஒரு முறை செய்து காட்டினால் போதும், யாருக்கும் மறக்காது.

கடைசியாகப் பணம். ஜூனியர் தீர்த்துவைக்கும் பிரச்சினைகள் கூடியதைக் காட்டி சீனியரின் இன்சென்டிவைக் குறைத்தால், அவர் அடுத்த முறை எதையாவது சொல்லிக்கொடுப்பாரா? நானாக இருந்தால் மாட்டேன். ஏஐயைச் சரிபார்க்கும் நேரத்தையும் வேலை நேரமாகவே எழுதுங்கள். அப்படிச் சரிபார்க்கும் வாரத்தில் டார்கெட்டைக் குறையுங்கள். இதற்குப் பட்ஜெட் ஒதுக்கிய பிறகு வாருங்கள், எந்தக் கோர்ஸ் என்று பேசலாம்.