பீலிக்கரைத் தக்காளி

வணக்கம் நேயர்களே. தக்காளி வித்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். இந்தப் பேச்சென்றால் எனக்கு வாய் ஓயாது.

நம்ம தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை ஓரம் யாரும் நடாத தக்காளி ஒன்று முளைத்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். அடுப்படிக் கழிவோடு போன வித்து. எங்கள் பக்கம் அப்படி ஒன்று காய்த்தது. கடையில் வாங்கும் நீட்டுக்காயும் இல்லை, மடிப்பு மடிப்பான பழைய நாட்டுக்காயும் இல்லை. காம்படியில் மடிப்பு, நுனி கூர். நல்ல புளிப்பு. கருவாட்டுக் குழம்புக்கு அதுதான் வேணும் என்று போட்டி. அந்த வீட்டு அக்கா வித்தெடுத்து லயத்தில் நாலு காம்பராவுக்கு, நாலு வீட்டுக்கு, கொடுத்தார். அடுத்த போகத்தில் பாருங்கள், ஒரு வீட்டில் குண்டு, ஒரு வீட்டில் நீட்டு, இன்னொரு வீட்டில் கோலிக்குண்டு அளவு! "நல்ல வித்த தான் வச்சுக்கிட்டு நமக்குக் கழிசலக் குடுத்திருச்சு" என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களம் வரைக்கும் பேச்சுப் போனது. அக்கா பாத்தியிலும் நாலு விதமாகத்தான் காய்த்திருந்தது. அதை யார் எட்டிப் பார்த்தார்கள்?

தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். எப்போதாவது ஒரு வண்டு பூவைக் கட்டிப்பிடித்து ரீங்கரித்து, மகரந்தத்தை உதிர்த்து, அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். அப்போதும் காயைப் பார்த்துத் தெரியாது, காய் தாய்ச்செடிக் காய் மாதிரியேதான். கலப்பு வித்துக்குள். அந்த வித்தில் வருவது முதல் தலைமுறை, நம்ம பீலிக்கரைச் செடி மாதிரி. அதன் வித்தை நட்டால்தான் குணங்கள் பிரிந்து ஆளுக்கொரு விதமாக வரும். மண் மாறினதால் என்பார்கள், உரம் என்பார்கள். மண்ணும் இல்லை, உரமும் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், கலப்பு.

அதனால் பழத்தைப் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் மூடுபனி விடாமல் நின்றால் இலை கருகிவிடும். அதிலும் தாக்குப்பிடித்த செடியில் வித்தெடுங்கள். ஆறேழு தலைமுறை இப்படியே பொறுக்கினால் குணம் நிலைக்கும். வித்தைச் சதையோடு பிதுக்கி இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள், நம்ம குளிருக்கு ஒரு நாள் கூடலாம். நாறும், பரவாயில்லை. வித்தைச் சுற்றியிருக்கும் வழுவழுப்புத்தான் முளைக்க விடாது, அது கரைய வேண்டும். அடியில் தங்கியதை அலசி, பீங்கானில் நிழலில் காயவையுங்கள்.

கையைக் காட்டுகிறார்கள், நேரமாச்சு. பகிர்வதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருந்தேன். சுருக்கமாக: வித்தைக் கடதாசியில் மடிக்கும்போது 'கலப்பு, எத்தனையாம் தலைமுறை' என்று எழுதிக் கொடுங்கள், சண்டை வராது. கண்டிப் பக்கம் கன்னொறுவையில் 1988 முதல் அரசாங்கம் வித்து வங்கி வைத்திருக்கிறது. உங்கள் பீலிக்கரைச் செடி அதில் இருக்காது. அதனால் வெலிமடை, பண்டாரவளையில் சொந்தக்காரர் இருந்தால் அங்கேயும் ஒரு சிட்டிகை அனுப்பிவையுங்கள். மிச்சம் இன்னொரு நாளைக்கு. வணக்கம்.