க்யூஆர் நடுவுல லோகோ வைக்கப் போறீங்களா, இத பாத்துட்டு வைங்க

வணக்கம் மக்களே, இப்ப காசிமேட்டுல எங்க அத்தை மீன் கடைகிட்ட நிக்கிறேன், கூட்டம் சத்தமா இருக்கும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. போன மாசம் அத்தைக்கு நானே க்யூஆர் ரெடி பண்ணி குடுத்தேன், நடுவுல பெருசா ஒரு வஞ்சிரம் படம் வச்சு. வீட்ல என் போன்ல டக்குனு எடுத்துச்சு. ஞாயித்துக்கிழம காலைல கடைல பாத்தா பாதி பேரு போன்ல எடுக்கவே இல்ல. "இன்னாடா, மீனு சோக்காத்தான் கீது, துட்டு வர மாட்டுதே"ன்றாங்க அத்தை. சங்கரா எடைபோட்டு கவர்ல வாங்குனவரு அப்டியே வச்சிட்டு போய்ட்டாரு, எனக்கு மனசே ஆறல.

அப்புறம் தேடி படிச்சேன். சாதா க்யூஆர்ல லோகோக்குன்னு தனியா எடமே கெடையாதுங்க. 1994ல ஜப்பான்ல டென்ஸோ வேவ் கம்பெனில மசாஹிரோ ஹாரா டீம் இத கண்டுபுடிச்சது கார் பார்ட்ஸ் கணக்கு வைக்க, ஃபேக்டரில எண்ணெ அழுக்குலாம் படும்ல, அதனால கொஞ்சம் அழிஞ்சாலும் மிச்சத்த வச்சு படிச்சிக்கிற மாரி எக்ஸ்ட்ரா டேட்டாவ உள்ளயே சேத்து வச்சாங்க. எவ்ளோ அழிஞ்சா தாங்கும்ங்கறதுக்கு நாலு லெவல், எல்னா சுமாரா 7 சதவீதம், எம் 15, க்யூ 25, ஹெச் 30. நாம வைக்கிற லோகோவயும் போனு அழுக்கு மாரிதான் எடுத்துக்குது! நான் எம்லயே விட்டுருந்தேன், அந்த 15ல பெரும்பகுதிய வஞ்சிரமே தின்னுடுச்சு, அதுக்கு மேல செதிலு, தண்ணி, லேமினேஷன்ல வெயிலு, எப்டி படிக்கும்.

இப்ப ஹெச் லெவல்ல போட்டேன், லோகோ அகலம் மொத்த அகலத்துல அஞ்சுல ஒரு பங்கு அவ்ளோதான், பரப்பளவுல பாத்தா 4 சதவீதம் தான் வருது. ஹெச் போட்டா கட்டம் பொடிசா நெருங்கிக்கும், அதனால ஸ்டிக்கர பெருசா பிரிண்ட் எடுங்க. மூணு மூலைல இருக்குற பெரிய சதுரத்த தொடவே தொடாதீங்க, அத வச்சுதான் கேமரா கோட கண்டுபுடிக்குது. சுத்தி வெள்ள ஓரமும் நாலு கட்ட அளவு இருக்கணும், சில பேரு டிசைனுக்காக அத வெட்டிடறாங்க, தப்பு.

என்ன கேட்டா மீன் கடை, டீக்கடை மாரி ஈரம் படற எடத்துல லோகோவ க்யூஆருக்கு மேல தனியா போட்றதே பெஸ்ட்டு. அத்தைதான் மீன் படம் வேணும்னாங்க, அவங்க ஆசை.

பிரிண்டுக்கு முன்னாடி ஒரு ரூபா அனுப்பி அத்தை பேருதான் வருதான்னும் பாத்துட்டேன். இப்ப ஸ்டிக்கர் மேல தண்ணி தெளிச்சிருக்கேன், இது பக்கத்து கடை அண்ணனோட பழைய போனு, கேமரா கீறல் வேற... இருங்க... ஆங், எடுத்துச்சு பாருங்க!